இரண்டாம் நாள்

1964ஆம் ஆண்டு மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓ ஒரு தந்திரத்தில் பிறந்த கார். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்தைத் தாண்டிய எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கெல்லாம் வரம்பு போட்டிருந்தது. போன்டியாக்கில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும், பெரிய கார்களுக்கென்று ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த 389 கன அங்குல எஞ்சினை (ஏறத்தாழ 6.4 லிட்டர்) டெம்பெஸ்ட் வரிசைக் காருக்குள் இறக்கினார்கள். தனி மாடல் என்று அறிவித்தால் மேலிடம் கேள்வி கேட்கும். ஆகவே விருப்பமுள்ளவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு என்று விலைப்பட்டியலில் செருகிவிட்டார்கள். தொகுப்பின் விலை 300 டாலருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு 325 குதிரைத்திறன் கிடைத்தது. மூன்று கார்புரேட்டர் கேட்டால் 348.

இத்தனை பலமும் சாலையைத் தொட்ட இடத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 14 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள இரும்பு ரிம், அதன்மேல் பக்கவாட்டில் சிவப்புக் கோடு போட்ட 7.50-14 டயர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு தேவாலயத்துக்குப் போய்வர இவை தாராளம். சிவப்பு விளக்கு பச்சையாவதற்காக உறுமிக்கொண்டு நிற்கும் இருபது வயதுக்காரனுக்கு அப்படியில்லை. ஆறு ஆண்டு கழித்து ஷெவர்லே தன் ஷெவெல் எஸ்எஸ் காரில் 454 கன அங்குல எல்எஸ்6 எஞ்சினை வைத்து 450 குதிரைத்திறன் என்று அறிவித்தது. அப்போதும் ரிம்மின் விட்டம் அதே 14 அங்குலம். அகலம்தான் 7 ஆகியிருந்தது. ஆறு ஆண்டுகளில் எஞ்சின் நூறு குதிரைக்கு மேல் வளர, ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தது.

இதை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய எஞ்சின் கையிருப்பில் இருந்தது. அதைச் சின்னக் காரில் வைக்கப் பெரிய செலவில்லை. அகல டயருக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் புதிதாக முதல் போட வேண்டும். அமெரிக்க வாடிக்கையாளர் மெத்தென்ற ஓட்டத்துக்குப் பழகியவர். சாலையின் ஒவ்வொரு சிராய்ப்பையும் இடுப்புக்குச் சொல்லும் காரை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தக் காலத்து வீரமும் கால் மைல் நேர்கோட்டில் அளக்கப்பட்டதே தவிர, வளைவில் அல்ல. டயர் நிறுவனங்களும் பின்னால் ஓடிவந்துகொண்டுதான் இருந்தன. ஃபயர்ஸ்டோன் 1967 வாக்கில் வைட் ஓவல் என்ற தட்டையான அகல டயரைக் கொண்டுவந்தது. குட்இயர் கண்ணாடியிழைப் பட்டை சேர்த்த பாலிகிளாஸ் டயரைத் தந்தது. இரண்டும் முன்னேற்றமே. எஞ்சினுக்கும் சாலைக்கும் நடுவே இருந்த பள்ளம் மட்டும் முழுதாகத் தூரவில்லை.

ஆகவே, இன்று நாம் மசில் கார் என்று கொண்டாடும் பொருள் பாதி முடிந்த நிலையிலேயே கடைக்கு வந்தது என்பது என் எண்ணம். மீதிப் பாதியை வாங்கியவர்தான் முடித்தார்.

*

சேகரிப்பாளர்களிடையே ‘இரண்டாம் நாள் கார்’ என்று ஒரு வகை உண்டு. ஷோரூமிலிருந்து ஓட்டிவந்த நிலை முதல் நாள். மறுநாளே உரிமையாளர் அதை ஒரு வேகக் கடைக்குக் கொண்டுபோய் ரிம், டயர், எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் என்று மாற்றத் தொடங்குவார். அந்த நிலையிலேயே காப்பாற்றப்பட்டதோ, அந்த நிலைக்குத் திருப்பப்பட்டதோதான் இரண்டாம் நாள் கார். டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் 1960களின் இரவுகளில் போட்டிபோட்ட கார்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. அவற்றை வடிவமைத்த பொறியாளர்கள் சிலர் அதே சாலையில்தான் வீட்டுக்குப் போனார்கள். தாங்கள் விட்டுவைத்த குறையைப் பையன்கள் எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்திருப்பார்கள்.

முதலில் மாறியது அநேகமாகச் சக்கரம்தான். எஞ்சினைத் திறக்கத் தொழில் தெரிய வேண்டும். சக்கரத்தை மாற்ற ஒரு ஜாக்கியும் ஸ்பேனரும் போதும். மாற்றியது பத்து வீடு தள்ளி நிற்பவருக்கும் தெரியும். கிராகர் நிறுவனத்தின் எஸ்/எஸ் சக்கரம் 1964இல் சந்தைக்கு வந்தது. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் அலுமினிய நடுப்பகுதி, ஐந்து ஆரங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1956இல் ரோமியோ பாலமிடீஸும் ஜிம் எலிசனும் தொடங்கிய அமெரிக்கன் ரேசிங், டார்க் திரஸ்ட் என்ற ஐந்தார சக்கரத்தை விற்றது. உள்ளே சூடேறும் டிரம் பிரேக்குக்குக் காற்றுப் போக வழிவிடும்படி அதன் ஆரங்கள் மெலிந்து சரிந்திருக்கும். அழகென்று இன்று நாம் பார்க்கும் அந்தச் சரிவு, தொழிற்சாலை விட்ட பிரேக் குறைக்குக் கடைக்காரர் கண்ட பரிகாரமும்கூட.

இவற்றுக்கெல்லாம் மூத்தது பந்தயத் தடம். இண்டியானாபொலிஸ் கார்களுக்காக டெட் ஹாலிபிராண்ட் மக்னீசியத்தில் சக்கரம் வார்த்தார். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.8 கிராமுக்கு மேல் இருக்கும்; அலுமினியம் 2.7, மக்னீசியம் 1.74தான். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறையக் குறைய, டயர் மேடுபள்ளத்தை விட்டு எழும்பாமல் சாலையோடு ஒட்டி ஓடும். ஆனால் மக்னீசியம் பந்தயக்காரரின் உலோகம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கழற்றிப் பார்த்துப் பராமரிக்க ஆள் வேண்டும். குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புக் கொட்டும் மிச்சிகனில் அது அரித்துப்போகும். வயதானால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். அன்றைய மக்னீசியச் சக்கரங்களில் பல இன்று கராஜ் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றன. சாலைக்கு அலுமினியம் வந்தது; தோற்றம் அப்படியே தங்கியது.

1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் துரத்தல் காட்சியைப் பார்த்தவர்கள் இதன் சாட்சிகள். ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங் ஜிடி 390இல் இருந்தவை ஃபோர்டு கொடுத்த சக்கரங்கள் அல்ல, டார்க் திரஸ்ட். படத்துக்காக மாக்ஸ் பால்ச்சோவ்ஸ்கி அதன் சஸ்பென்ஷனை வலுப்படுத்தினார். முகப்பிலிருந்த குதிரைச் சின்னமும் போயிற்று. எதிரிகளின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரில் சாதாரணச் சக்கர மூடிகள். வளைவுக்கு வளைவு அவை கழன்று உருள்கின்றன. ஒரே மோதலைப் பல கோணங்களில் காட்டியதால், நான்கு சக்கரக் கார் நான்குக்கும் மேற்பட்ட மூடிகளை இழக்கிறது. 2020 ஜனவரியில் அந்த மஸ்டாங் ஏலத்தில் 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலையைத் தொட்டதில்லை. தூய்மை பேசுவோர் இதைச் சற்று யோசிக்கலாம். அன்றுவரை உலகம் அதிக விலை கொடுத்த மஸ்டாங், கடையில் வாங்கிய சக்கரத்தோடு புகழ்பெற்ற இரண்டாம் நாள் கார்.

தூய்மைக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. கண்காட்சிகளில் நடுவர்கள் குனிந்து, ரிம்மில் அச்சிட்ட தேதிக் குறியீடு கார் தயாரான தேதிக்கு முந்தியதுதானா என்று பார்க்கிறார்கள். தொழிற்சாலைத் தொழிலாளி சுண்ணக்கட்டியால் போட்ட கீறல்களைக்கூடப் பழைய படங்களைப் பார்த்துத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. எல்லோரும் மாற்றிவிட்டால் முதல் நாள் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று அழிந்துவிடும். ஆனால் முதல் நாள் என்பது பெரும்பாலான கார்களின் வாழ்வில் ஒரே ஒரு நாள்.

*

தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சக்கரம் மாற்றுவது ரசனை சார்ந்த காரியம். காரை ஜாக்கியில் ஏற்றியவருக்கு அது கணக்கு.

முதலில் நட்டுகளின் வட்டம். ஷெவெல், கமாரோ, ஜிடிஓ ஆகியவற்றில் ஐந்து ஸ்டட்டுகள் 4.75 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் நிற்கும்; அதாவது 120.65 மில்லிமீட்டர். எட்டு சிலிண்டர் மஸ்டாங்கிலும் சார்ஜரிலும் அது 4.5 அங்குலம். ஆறு சிலிண்டரோடு வந்த ஆரம்பகால மஸ்டாங்கில் ஸ்டட்டே நான்குதான். பிஎம்டபிள்யூ கார்களில் பரவலாக உள்ள வட்டம் 120 மில்லிமீட்டர். ஆகவே அந்த ரிம்மை எடுத்துக் கமாரோவில் மாட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு வருகிறது. மாட்டினால் ஏறும், நட்டும் இறுகும். ஆனால் 0.65 மில்லிமீட்டர் வித்தியாசத்தில், கூம்பு நட்டு துளையின் நடுவே அமராமல் ஸ்டட்டை ஒருபுறமாக வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.

நட்டிலும் வகை இருக்கிறது. பழைய இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட்டு. அலுமினியச் சக்கரங்களில் பலவற்றுக்கு நேரான கழுத்தும் தட்டை வாஷரும் உள்ள நட்டு. பழைய நட்டைப் புதிய ரிம்மில் முடுக்கினால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். கிறைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் 1960கள் முழுக்க இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. சக்கரம் சுழலும் திசையில் நட்டு கழன்றுவிடக் கூடாதென்ற முன்னெச்சரிக்கை அது. ஸ்டட்டின் முனையில் எல் என்ற எழுத்து பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் காற்றுத் துப்பாக்கியை வைத்தவர்கள் கழற்றுவதாக நினைத்து முறுக்கி ஒடித்த ஸ்டட்டுகள் ஏராளம்.

அடுத்தது இடம். பின்சக்கரத்தைக் கழற்றி, கார் தரையில் நிற்கும் உயரத்துக்கு ஆக்சிலைத் தூக்கி நிறுத்தி, ரிம் பதியும் முகத்திலிருந்து உட்புறம் முதல் தடை வரையும், வெளிப்புறம் மட்கார்டு விளிம்பு வரையும் அளக்க வேண்டும். மஸ்டாங், கமாரோ போன்றவற்றில் உள்ளே தடையாக நிற்பது அநேகமாக ஸ்பிரிங் பட்டை. உள்ளே 6 அங்குலம், வெளியே 5 அங்குலம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 11. அதில் 245 மில்லிமீட்டர் டயர் போட்டால் அது ஏறத்தாழ 9.65 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும், மீதி 1.35 அங்குலம், பக்கத்துக்கு முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. டயர் இந்த இடத்தின் நடுவில் அமர, அதன் மையக் கோடு பதியும் முகத்துக்கு அரை அங்குலம் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். 8 அங்குல ரிம்மின் விளிம்புகளையும் சேர்த்தால் அகலம் 9. அதன் பாதி 4.5, அதோடு அந்த அரை அங்குலம். ரிம்மின் பின்விளிம்பிலிருந்து பதியும் முகம் வரை 5 அங்குலம் இருக்க வேண்டும். பட்டறையில் பேக்ஸ்பேசிங் என்று சொல்வது இதைத்தான். இந்த ஐந்து நாலாகிப்போனால் டயர் மட்கார்டைத் தின்னும். ஆறானால் பட்டையைத் தேய்க்கும்.

அளவெடுக்கும்போதுதான் காரின் பிறப்பு ரகசியம் வெளிவருகிறது. வலப்பக்கம் ஓர் அளவு, இடப்பக்கம் வேறு. கால் அங்குல வித்தியாசம் அந்தக் காலத்துக் கார்களில் அதிசயமில்லை. ஆக்சில் நட்டநடுவில் இருக்காது. மட்கார்டு விளிம்புகள் ஒரே மாதிரி மடிந்திருக்காது. வேகமாக ஓடிய வரிசையில், தகடுகளைத் தட்டி, இடையில் ஷிம் கொடுத்து ஒப்பேற்றியவை அவை. அதனால் இதே மாடலுக்கு இன்னார் போட்ட அளவு என்று கேட்டு வாங்கிப் போட முடியாது; தோளளவை ஆளைப் பார்த்து எடுக்கும் தையற்காரர்போல அந்தக் காரையே அளந்தாக வேண்டும். ஒரே அச்சில் வார்த்ததாக நாம் நினைக்கும் ‘ஒரிஜினல்’ எந்தக் காலத்திலும் அத்தனை துல்லியமாக இருந்ததில்லை.

முன்சக்கரம் இன்னும் சிக்கல். அது நிற்பதில்லை, திரும்புகிறது, எழுகிறது, சாய்கிறது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, சஸ்பென்ஷனை மேலே ஏற்றி, அந்த நிலையில் டயரின் தோள் மட்கார்டின் கீழ்முனையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். இடமில்லையென்று சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங்கின்மேல் சுமை கூடும், சாலையின் ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங் வழியே கைக்கு வரும். பின்னாளில் பெரிய டிஸ்க் பிரேக் வைத்தவர்களுக்கு 14 அங்குல ரிம்முக்குள் காலிப்பர் அடங்காது. ஒன்றை மாற்ற, அது இன்னொன்றை மாற்றச் சொல்லும்.

*

டயருக்கு வருவோம். ஜிடிஓவில் வந்தது, நம் லாரிப் பட்டறைகளில் நைலான் டயர் என்கிறார்களே, அந்தக் கட்டமைப்பு. அதன் நூல்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சாய்வாக ஓடும். பக்கச்சுவர் நெளிந்தால் தரைப்பகுதியும் சேர்ந்து நெளியும். சாலையில் பள்ளக் கோடு இருந்தால் கார் அதைப் பிடித்துக்கொண்டு போகும். இரவு முழுக்க நின்றால் டயரின் அடி தட்டையாகி, காலையில் சிறிது தூரம் தடதடக்கும். ரேடியலில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகும். மேலே தனிப் பட்டை. பக்கச்சுவர் எவ்வளவு நெளிந்தாலும் தரைப்பகுதி தட்டையாகச் சாலையில் படிந்திருக்கும். மிஷலின் 1946இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. அமெரிக்காவிலோ, ரேடியலைத் தொழிற்சாலையிலேயே எல்லாக் கார்களிலும் பொருத்தி விற்ற முதல் மாடல் 1970இன் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3. அதே ஆண்டில் பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ வந்தது. அப்போது மசில் காருக்கு அந்தி நேரம். காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973இல் எண்ணெய்த் தடை. அந்த எஞ்சினுக்குத் தேவைப்பட்ட டயர் எல்லோர் கைக்கும் எட்டியபோது அந்த எஞ்சின் உற்பத்தியில் இல்லை.

இன்று ஒருவர் 1969ஆம் ஆண்டுக் காருக்கு ரேடியல் போடும்போது, சில ஆண்டு இடைவெளியில் தவறிப்போன அந்தச் சந்திப்பை நடத்திவைக்கிறார். ஆனால் டயரை மட்டும் மாற்றினால் போதாது. அலைன்மென்டுக்குப் பழைய கையேடு சொல்லும் எண்கள் சாய்வு நூல் டயருக்கு எழுதியவை. ஸ்டியரிங் இலகுவாக இருக்கக் காஸ்டர் கோணத்தைக் கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்தில் வைத்திருப்பார்கள். ரேடியலுக்கு அதைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கார் நெடுஞ்சாலையில் அலையும். கையேட்டை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் கார் கெடும். அதை எழுதியவர் எந்த டயரை மனத்தில் வைத்து எழுதினார் என்று யோசித்தால் சரியாகும்.

விட்டத்திலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. 225/70ஆர்14 டயரின் முழு உயரம் சுமார் 671 மில்லிமீட்டர். நவீனத் தோற்றத்துக்காக 17 அங்குல ரிம்மில் 245/45 போட்டால் 652. ரிம் மூன்று அங்குலம் பெரிதானது. மொத்தச் சக்கரமோ சிறிதாகிவிட்டது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் கூடுதலாகத் திறந்துகொள்ளும். வேகமானி நூறு காட்டும்போது கார் தொண்ணூற்றேழில்தான் போகும். பெரிய சக்கரம் போட்டும் கார் ஏன் ஒல்லியாகத் தெரிகிறது என்று வியப்பவருக்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது.

*

அந்தக் கால உடல் வடிவத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இடுப்பு ஒடுங்கி, பின்சக்கரத்தின்மேல் தொடைபோல் விம்மும். 1968 சார்ஜரில் இது உச்சம். தகடு அங்கே வலுவைக் காட்டுகிறது. தொழிற்சாலை போட்ட மெல்லிய டயரோ உள்ளே ஒடுங்கி நின்று அதைப் பொய்யாக்கியது. சரியான அகலத்தில் பின்டயர் வந்து அமர்ந்ததும் அந்த விம்மலுக்குப் பொருள் கிடைக்கிறது. அதே காருக்கு 20 அங்குல ரிம்மும் நாடாபோல ஒட்டிய டயரும் போட்டால் வேறு பொய் தொடங்கும்: ஆரங்களின் இடுக்கு வழியே அறுபது ஆண்டுப் பழைய குட்டி டிரம் பிரேக் எட்டிப் பார்க்கும்.

ஆக, பழைய காருக்கு விசுவாசம் என்பது எதற்கு? தோற்றத்துக்கா? தேதிக் குறியீட்டுக்கா? என் பதில், அந்தக் காரின் அளவுகளுக்கு. பட்டைக்கும் மட்கார்டுக்கும் இடையே விட்டுவைத்த அந்தப் பதினொரு அங்குலமே அந்தக் காரைச் செய்தவர்களின் கடைசி வார்த்தை. அதற்குள் கிராகரும் நிற்கலாம், டார்க் திரஸ்டும் நிற்கலாம், 1967இல் யாரும் கற்பனை செய்யாத ரப்பரும் நிற்கலாம்.

அந்த இடம் போதவில்லையென்று 1960களிலும் 70களிலும் பலர் தகரக் கத்தரியை எடுத்தார்கள். கால் மைல் பந்தயத்துக்கான அகல டயர் நுழையப் பின் மட்கார்டை வட்டமாக வெட்டி எறிந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அன்று அது ஒரு பழைய கார்தான். அந்த வெட்டும் இன்று அந்தக் காலத்தின் சான்றாகிவிட்டது. இப்போது வெட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. விரும்பிய அகலத்தில், விரும்பிய பேக்ஸ்பேசிங்கில் ரிம் செய்துதரும் கடைகள் இருக்கும்போது, அளக்கச் சோம்பல்பட்டவர்தான் வெட்டுவார். நட்டில் செய்த மாற்றத்தை அடுத்தவர் மறுத்துப் பேசலாம். தகட்டில் செய்ததை வெல்டிங் வைத்துத்தான் மறுக்க வேண்டும்.

இந்தக் கார்களை விற்பவர்கள் பலர் பழைய இரும்பு ரிம்கள் நான்கையும் மூடிகளையும் காரோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் அதைத் தனி வரியாகவும் போடுகிறார்கள். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அவற்றை மாட்டப்போவதில்லை. கராஜ் மூலையில் துணி போர்த்தி வைப்பார்கள். ஆனாலும் அவற்றுக்கென்று சில நூறு டாலர் கூடுதலாகத் தரத் தயங்குவதில்லை. மாட்டலாம் என்ற வாய்ப்பு இன்னும் அந்தக் காரில் மிச்சமிருக்கிறது. அவர்கள் விலை கொடுப்பது அதற்கு.